வெள்ளை வந்தால் என்ன அர்த்தம்

என் அக்கா சண்முகத்தாயின் வயிற்றில், வலது விலாவுக்குக் கீழே, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு தழும்பு இருக்கிறது. சொன்ன நாளில் ஆபரேஷன் நடந்திருந்தால் அதில் பாதிதான் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். மீதிப் பாதி என் கைவேலை. பித்தப்பையில் கல் என்றால் என்ன, ஆஸ்பத்திரியில் என்னென்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரிந்த பலரும் கேட்கிறார்கள். சொல்கிறேன். அந்த மீதிப் பாதியையும் சேர்த்தே இந்த முறை சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் பிறந்திருந்த நேரம். நான் மதுரையில் ஒரு கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறந்த ஊர் ராஜபாளையம். அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னைத் தொடர்ந்து படிக்கவைத்தது என்னைவிட எட்டு வயது மூத்த அக்காதான். அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அத்தான் பட்டாளத்திலிருந்து வந்து ஒரு மில்லில் வாட்ச்மேனாக இருந்தார். அக்கா தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் பக்கத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வருவாள். வெளுத்த துணியை மடித்து, மூட்டையாகக் கட்டிய பேல்களைத் தூக்கி அடுக்குவது அவள் வேலை.

அதனால்தான் வலது தோளில் வலி வந்தபோது பேல் தூக்கிய வலி என்று நினைத்துவிட்டாள். மூன்று மாதம் தைலம் தேய்த்தாள். வடை, பஜ்ஜி என்று எதையாவது தின்ற அன்றைக்கு மட்டும் ஏன் தோள் வலிக்கிறது என்று அவளும் யோசிக்கவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. ஒரு கோடை விடுமுறையில் நான் அவள் வீட்டில் இருந்தபோது, மதியம் சாப்பிட்டு எழுந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாந்தி, காய்ச்சல், கண்ணில் லேசான மஞ்சள். ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

அங்கே ஸ்கேன் மெஷின் வந்த புதுசு. வயிற்றில் குளுகுளுவென்று ஒரு களிம்பைத் தடவி, சோப்புக்கட்டி மாதிரி ஒன்றை வைத்து உருட்டினார்கள். திரையில் மழைக்கால டெலிவிஷன் போலப் புள்ளிபுள்ளியாக என்னமோ ஓடியது. டாக்டர் அதில் விரல் வைத்துக் காட்டினார்.

"ஈரலுக்கு அடியில சின்னக் கத்தரிக்கா மாதிரி ஒரு பை தொங்கும். எண்ணெய்ப் பண்டம் செரிக்கிறதுக்கான பித்த நீர் அதுலதான் சேரும். அதுல கல்லு இருக்கு. ஒரு கல்லு வாசல்ல அடைச்சுக்கிட்டதால பை வீங்கிச் சீழ் பிடிக்கப் பாக்குது. வலி இங்க, ஆனா தோள்லதான் காட்டும். பையை எடுத்துரணும். அது இல்லாம மனுசன் நல்லாவே இருக்கலாம்."

"எடுக்கலன்னா?" என்று கேட்டேன்.

"ஊசியில அடங்கவும் அடங்கும். பை வெடிக்கவும் வெடிக்கும். நூத்துக்கு நூறுன்னு என்னால சொல்ல முடியாது சார். ஆனா எங்கக்காவா இருந்தா எடுத்துருவேன். இன்னைக்குச் செவ்வா. வியாழக்கிழமை காலையில வெச்சுக்கலாம்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. இவ்வளவுதான் தெரியும், இவ்வளவு தெரியாது என்று அளந்து சொல்கிற மனிதர். நான் வகுப்பில் கேட்பதும் அதைத்தானே.

வகுப்பில் ஒரு பாடம் உண்டு. கடவுள் நம்பிக்கைக்கும் அறிவுக்கும் என்ன உறவு? இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்பார்கள் சிலர். அறிவு ஓர் ஏணி, அது எட்டுகிற மட்டும் ஏறிவிட்டு மிச்சத்தை நம்பிக்கையால் தாவவேண்டும் என்பார்கள் சிலர். இரண்டும் தனித்தனிக் குடித்தனம், ஒன்றின் அடுப்பில் மற்றது உலை வைக்கக் கூடாது என்று சொல்கிறவர்களும் உண்டு. மூன்றையும் சொல்லிவிட்டு என் கட்சியையும் சொல்வேன். சான்று இல்லாத இடத்தில் ஒன்றை நம்புவது வெறும் பிசகு இல்லை, அது ஒழுக்கக்கேடு. இதைச் சொல்லும்போது மேஜையை ஒரு தட்டுத் தட்டுவேன். பிள்ளைகள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே சொன்னாள். "அம்மன்கிட்ட உத்தரவு கேக்காம வயித்துல கத்தி வெக்க விடமாட்டேன் தம்பி."

உத்தரவு கேட்பது என்றால் பூக்கட்டிப் பார்ப்பது. ஒரு சிவப்புப் பூ, ஒரு வெள்ளைப் பூ. இரண்டையும் தனித்தனியே வெற்றிலையில் பொதிந்து, ஒரே மாதிரி நூல் சுற்றி, அம்மன் காலடியில் போடவேண்டும். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். அதுதான் அம்மன் வாக்கு. மற்றதை யாரும் பிரிக்கக் கூடாது, தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அத்தான் வீட்டுக் குலதெய்வம் கான்சாபுரம் பக்கத்தில் கண்மாய்க்கரையில் இருந்தது.

"போயிட்டு வாங்க," என்றேன் அத்தானிடம். எதிர்த்துப் பேசினால் பிடிவாதம்தான் கூடும் என்று எனக்குத் தெரியும்.

"அவியளோட நீயும் போ. நீதான் பூவைக் கட்டணும்."

"நானா? நான் சாமியே கும்பிடாதவன்."

"அதுக்குத்தான்லே. அவிய கட்டுனா, பொண்டாட்டி பொழைக்கணும்னு கை ஒரு பக்கம் சாயும். உனக்குச் சாமியும் கெடையாது, பயமும் கெடையாது. நீ பொய் சொல்ல மாட்டே. நீ கட்டுனாத்தான் நேர்மையா இருக்கும்."

இதற்குமேல் ஒரு பகுத்தறிவுக்காரனுக்கு யாரும் பட்டம் தரமுடியாது. அதை வாங்கிக்கொண்டுதான் புதன்கிழமை காலையில் பஸ் ஏறினேன். கிருஷ்ணன்கோவிலில் இறங்கி வத்திராயிருப்பு பஸ் மாறினோம். அத்தான் வழி முழுக்கப் பூப்பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடியிருந்தார்.

கட்டுகிறவனை யாரும் பார்க்கக் கூடாது என்பது முறை. நான் கோயிலுக்குப் பின்புறம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். இரண்டு வெற்றிலை. செவ்வரளி இரண்டு மூன்று, நந்தியாவட்டை ஒரு கை. எங்கள் வீட்டில் அம்மா பூக்கட்டிப் பார்த்தது எனக்கு நினைவிருந்தது. நான் மதுரைக்குப் படிக்கப் போகலாமா என்று கேட்டபோது வெள்ளை வந்தது. "வெள்ளை வந்துருச்சு, போடா" என்று அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். வெள்ளை என்றால் சரி. ஒரு மனுஷியின் உயிரை இரண்டு வெற்றிலைக்கு நடுவே விடுவதாவது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். செவ்வரளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கை நடுங்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நல்ல காரியம் செய்கிறவனின் திருப்திகூட இருந்தது.

பூசாரி எடுத்துப் பிரித்தார். வெள்ளை. நான் மூச்சை விட்டேன். பக்கத்தில் அத்தான் அப்படியே தரையில் குந்திவிட்டார்.

"அம்மன் வேண்டாங்கா மாப்ளே."

"வெள்ளைதானே அத்தான் வந்திருக்கு?"

"அதான் சொல்லுதேன். எங்க வீட்டுல செவப்புதான் உத்தரவு. வெள்ளை வந்தா, கையக் கட்டிக்கிட்டுச் சும்மா இருன்னு அர்த்தம். எங்க தாத்தா காலத்துல இருந்து இதான்."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறவன், முதல் வாக்கியம் சரிதானா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பத்து மைல் தள்ளி ஒரு வீட்டில் வெள்ளைக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தான் எழுந்துபோய் இன்னொரு பொட்டலத்தைக் கண்மாயில் விட்டார். அது செத்த நேரம் மிதந்துவிட்டு முங்கியது. செவ்வரளி என் பையில்தான் இருந்தது. அந்த இடத்தில் எடுத்து நீட்டியிருந்தால் ஒரு வசவோடு போயிருக்கும். வெட்கம் வாயை அடைத்தது. அக்காவிடம் பேசிச் சரிக்கட்டிவிடலாம், பேசத்தானே எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா அன்று மாலையே, டாக்டர் பேச்சை மீறி என் விருப்பத்தில் போகிறேன் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வியாழனும் வெள்ளியும் நான் பேசினேன். பூ ஒரு தாவரம் என்றேன். இரண்டில் ஒன்று எப்படியும் வரும் என்றேன். டாக்டர் படத்தில் பார்த்துச் சொல்கிறார், பூசாரி கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார் என்றேன். வலியில் புரண்டுகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"வேற யாராவது கட்டியிருந்தா நானும் சந்தேகப்பட்டிருப்பேன் தம்பி. கட்டுனது நீ. உன் கையில வந்த பூவு எப்படித் தப்பாகும்?"

நம்புகிறவர்களிடம் சான்று இல்லை என்று வருஷக்கணக்கில் மேஜையைத் தட்டியிருக்கிறேன். அவளிடம் சான்று இருந்தது. பொய் சொல்லாத ஒரு சாட்சி, பட்சபாதம் இல்லாத ஒரு கை. என் பாடத்தின்படி பார்த்தால் அந்த வீட்டில் அறிவோடு நடந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

சனிக்கிழமை காலையில் வலி நின்றுவிட்டது. அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். "பாத்தியா, அம்மன் சொன்னது சரியாப் போச்சு" என்று என் கன்னத்தைத் தொட்டாள். இதை எழுதத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆனது: நான் அதை நம்பினேன். சாமி இல்லை என்கிறவன், என் பொய்க்கு அம்மனே கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று அன்று ஒரு பகல் முழுக்கச் சந்தோஷமாக நம்பினேன். அப்படி நம்பினால் நான் எதையும் சொல்லவேண்டியதில்லையே.

வலி நின்றதற்குக் காரணத்தைப் பிறகு டாக்டர் சொன்னார். பையின் சுவர் செத்துப்போனால் வலிக்கும் உணர்வும் செத்துவிடும். அதற்கடுத்து அது ஓட்டையாகி, பித்த நீரும் சீழும் வயிற்றுக்குள் பரவும். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்து, மருந்தில்லாமல் திடீரென்று வலி நின்றால் சந்தோஷப்படாதீர்கள். அன்றைக்குத்தான் ஓடவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. மூச்சு மேல்மூச்சாக வாங்கியது. அப்போதும் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அத்தான் மில்லில் லீவு சொல்லப் போயிருந்தார். நான் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன்.

"அக்கா, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வெச்சேன்."

அவள் என்னைப் பார்த்தாள். புரிய நேரம் ஆனது.

"ஏன்லே?"

"நம்ம வீட்டுல வெள்ளைதானே சரி. நீ ஒத்துக்கணும்னுதான்..."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுதாளா என்று தெரியவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். "வண்டியக் கூப்பிடு" என்றாள். உண்மை தெரிந்த மறு நிமிஷம் அவள் கிளம்பிவிட்டாள். ரெண்டு நாள் பேச்சில் நடக்காதது ஒரு வரி உண்மையில் நடந்தது.

ஆபரேஷன் மூன்று மணி நேரத்துக்கும் மேல் நடந்தது. வெளியே பெஞ்சில் நானும் அத்தானும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரி அம்மனே கனவுல வந்து, போய் வைத்தியம் பாருன்னு சொல்லிட்டாளாம் மாப்ளே. உத்தரவு மாறிருச்சு. நல்ல வேளை" என்றார். பட்டாளத்துக்காரருக்கு மேலிடத்து உத்தரவு மாறியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வண்டியில் ஏற்றும்போது, அதற்குள் வந்துவிட்ட அத்தானிடம், அந்த நிலைமையிலும், என் மானத்தைக் காப்பாற்ற அக்கா ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். அதுவும் அம்மன் பேரில்.

டாக்டர் வெளியே வந்து, "ஒரு நாலு நாள் முந்தி வந்திருக்கலாம்" என்றார். கல்லை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் காட்டினார். துவரம்பருப்பு அளவில் பதினேழு.

அதன் பிறகு இருபத்திரண்டு நாள். மூக்கு வழியாக ஒரு குழாய், வயிற்றில் சேரும் நீரை வெளியே இழுக்க. விலாப் பக்கம் இன்னொரு குழாய், உள்ளே மிச்சமிருக்கும் பித்தமும் சீழும் கட்டிலுக்கடியில் தொங்கும் பாட்டிலில் வடிவதற்கு. முதலில் கரும்பச்சை, அப்புறம் மஞ்சள், அப்புறம் வெறும் தண்ணீர். ஒவ்வொரு நாள் காலையிலும் நான் முதலில் பார்ப்பது அந்த பாட்டிலின் நிறத்தைத்தான். டாக்டர் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "காத்துப் பிரிஞ்சுதா?" வயிற்றைத் திறந்த பிறகு குடல் கொஞ்ச நாள் தூங்குமாம். காற்றுப் பிரிந்தால் விழித்துக்கொண்டது என்று அர்த்தம். ஐந்தாம் நாள் அது நடந்தபோது அத்தான் வராந்தா முழுக்க எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார். அக்கா வெட்கத்தில் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜெயராணி என்று ஒரு நர்ஸ். ஊசி போடுவதற்கு முன்னால் உதடு அசையாமல் ஒரு ஜெபம் சொல்லுவார், அப்புறம் மருந்துச்சீட்டை இரண்டு தடவை சரிபார்ப்பார். இரண்டில் ஒன்றைக்கூட அவர் விட்டு நான் பார்த்ததில்லை. தளவாய்புரத்திலிருந்து அக்காவோடு வேலைபார்க்கும் பெண்கள் முறை போட்டு ரசம் சாதம் கொண்டுவந்தார்கள். புண்ணுக்கு வைக்கிற துணியை அக்கா விரலால் தடவிப் பார்த்து, "எங்க கம்பெனித் துணிதான். இது செவ்வந்தி மடிச்சது, ஓரம் கோணியிருக்கு பாரு" என்றாள். அன்று சிரித்தாள். என்னைப் பார்த்து இல்லை, ஜெயராணியைப் பார்த்து.

என்னிடம் தேவையானதைப் பேசினாள். தண்ணி கொடு, தலகாணியை ஏத்து. அந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுக்கவே இல்லை. தையல் பிரித்த அன்று என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்னையத் திட்டிரு அக்கா."

"திட்டி என்ன ஆவப்போவுது?"

"உன் சாமியை நான் கேலி ஆக்கிட்டேன்."

"அம்மனுக்கு ஒண்ணும் ஆவல தம்பி. அவ அன்னைக்கு வாயே தொறக்கலியே. பேசினது நீ." அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "சாமி நேர்ல வந்து பேசாது. நடுவுல யாராச்சும் ஒரு மனுசன நம்பித்தான் ஆவணும். டாக்டரையும் அப்படித்தானே நம்புதோம். நான் உன்னைய நம்புனேன்."

கல்லூரி திறந்தபின் அந்தப் பாடத்தை நடத்தினேன். மேஜையைத் தட்டவில்லை. பிள்ளைகள் ஏமாந்துபோனார்கள்.

அக்கா பிறகு பேல் தூக்கவில்லை, தூக்கக் கூடாது. உட்கார்ந்து சுருட்டுகிற வேலைதான். கூலி குறைவு. ஒவ்வொரு ஆடியிலும் அந்தக் கண்மாய்க்கரைக்குப் போய் மாவிளக்கு எடுத்தாள். பிழைத்ததற்கு நேர்த்திக்கடன் என்று அத்தான் நினைத்தார். அம்மன் பேரில் சொன்ன பொய்க்குத் தண்டனை என்று அவள் ஒருமுறை என்னிடம் மட்டும் சொன்னாள். பொய் சொல்லவைத்தவன் நான். விளக்கு எடுத்தது அவள்.

ஆறேழு வருஷம் கழித்து, அந்தத் தழும்பின் ஓரம் புடைக்கத் தொடங்கியது. புண் ஆறும்போது சீழ் பிடித்த இடத்தில் சதை பலமில்லாமல் போய், உள்ளிருந்து குடல் பிதுங்குகிறது என்றார் அதே டாக்டர். இன்னொரு ஆபரேஷன். அக்கா மறுபடி அம்மனிடம் கேட்கவேண்டும் என்றாள். இந்த முறை அவளும் வந்தாள். கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ்கள் போகட்டும் என்று நாங்கள் பிடித்துவந்த வாடகைக் கார் வெகுநேரம் நின்றது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன், திரும்பி அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கோயிலில் பூவையும் வெற்றிலையையும் என்னிடம் நீட்டினாள்.

"வேற யாராச்சும் கட்டட்டும் அக்கா."

"நீயே கட்டு."

வேப்பமரத்தடிக்குப் போனேன். கண் கலங்கி நூல் தெரியவில்லை. மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை. ஒன்றுக்கு நாலு தடவை பார்த்துக் கட்டினேன். கொண்டுவந்து பூசாரியிடம் கொடுத்தேன்.

சிவப்பு வந்தது. அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார். பூசாரி அடுத்த பொட்டலத்தை எடுத்து, கண்மாயில் விடச்சொல்லி அவரிடம் நீட்டினார்.

"அதை இங்க குடுங்க," என்றாள் அக்கா.

"பிரிக்கப்பிடாதும்மா. வழக்கமில்ல."

"தெரியும். குடுங்க."

வாங்கினாள். நூல் சிக்கியது, பல்லால் கடித்து அறுத்தாள். அத்தான், "ஏட்டி, என்ன பண்ணுத?" என்றார். "சும்மா, பாக்கணும்னு தோணுச்சு" என்றாள். வெற்றிலையை விரித்தாள். உள்ளே நந்தியாவட்டை வாடாமல் இருந்தது. அதைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றாள். அப்புறம் அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

காருக்குத் திரும்பி நடக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இறக்கத்தில் அவளுக்கு வயிறு இழுக்கும்.

"தப்பா நெனைக்காத தம்பி," என்றாள்.